கோப்பிலிருந்து நிழலுக்கு

சில மாதங்களுக்கு முன் வாசுதேவநல்லூரில் அன்பியக் கூட்டம் முடிந்த ஒரு ஞாயிறு மாலை. இளைஞர்கள் விரும்பியதற்கிணங்க ‘பூமி’ என்னும் திரைப்படத்தை அனைவரும் சேர்ந்து பார்த்தோம். படம் முடிந்ததும் கல்லூரியில் பயிலும் தம்பி ஒருவர் எழுந்து, “உலகத்தையே 13 குடும்பங்கள்தான் நடத்துகின்றன என்றால், நாம் கிராம சபையில் மனுக் கொடுத்து என்ன ஆகப்போகிறது?” என்று கேட்டார். எவரும் உடனே விடை சொல்லவில்லை. பின்வரிசையிலிருந்த கரும்பு விவசாயி ஒருவர், வயதில் மூத்தவர், மெல்லச் சொன்னார்: “எனக்கு வர வேண்டிய கரும்புப் பாக்கிய அந்தப் பதிமூணு பேரும் தர வேண்டாம்யா. ரசீதுல கையெழுத்துப் போட்டவன் தந்தாப் போதும்.”

சிரிப்பு எழுந்தது, பிறகு அடங்கியது. இளைஞரின் கேள்வியில் இருந்த சோர்வு உண்மையானது. பெரியவரின் விடையில் இருந்த தெளிவும் உண்மையானது. இவ்விரண்டுக்கும் இடையே நம் திரைக்கலை எங்கே நிற்கிறது என்று எண்ணிப் பார்க்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

மூன்று படங்கள்

தண்ணீரையும் நிலத்தையும் பறிப்பவர் யார் என்ற கேள்வியைத் தமிழ்த் திரை நீண்ட காலமாகவே கேட்டு வருகிறது. அக்கேள்விக்குக் காலந்தோறும் அது தந்துள்ள விடையைக் காண மூன்று படங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, கோமல் சுவாமிநாதனின் மேடை நாடகத்தைக் கே. பாலசந்தர் 1981இல் திரையாக்கிய ‘தண்ணீர் தண்ணீர்’. அத்திப்பட்டு என்னும் வறண்ட சிற்றூரின் மக்கள் குடிநீர் கேட்டு மனுமேல் மனுக் கொடுக்கிறார்கள். வாக்களிக்க மறுக்கிறார்கள். முடிவில் தாங்களே வாய்க்கால் வெட்டத் துணிகிறார்கள். அப்போது விதிமுறை குறுக்கே வருகிறது; அலுவலர் வருகிறார்; காவலர் வருகிறார். இப்படத்தில் அரக்கர் எவரும் இல்லை. ஒரு கோப்பு நகர மறுக்கிறது. அதனால் ஓர் ஊர் அழிகிறது. கதைத்தலைவியின் கணவரே ஒரு காவலர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அதிகாரம் எங்கோ தொலைவில் இல்லை, நம் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்திருக்கிறது என்பதை அந்த ஓர் அமைப்பினாலேயே படம் உணர்த்திவிடுகிறது.

இரண்டாவது, 2014ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்த ஏ.ஆர். முருகதாசின் ‘கத்தி’. கதை நம் நெல்லைச் சீமையில், தன்னூத்து என்னும் கற்பனைச் சிற்றூரில் நிகழ்கிறது. நீரியல் படித்த இளைஞர் ஒருவர் அவ்வூரின் அடியில் நீர்வளம் இருப்பதைக் கண்டறிகிறார். அந்நிலத்தின்மேல் ஒரு பன்னாட்டுக் குளிர்பான நிறுவனம் கண் வைக்கிறது. ஊரின் துயரை உலகுக்கு உணர்த்த முதியவர்கள் ஆறு பேர் உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள். இறந்த அவர்களின் கைரேகையையே எடுத்து, நிலம் தர இசைந்ததாக நிறுவனம் பத்திரம் தயாரிக்கிறது. படத்தின் ஆழமான இடம் இதுவே. வன்முறை அங்கே ஒரு தாளின் வடிவில் வருகிறது. தாளாக வந்ததனால்தான் அதை வழக்குமன்றத்தில் எதிர்க்கவும் வழி பிறக்கிறது. ஆயினும் அத்திப்பட்டு மக்களிடம் இருந்த ஒன்று தன்னூத்தில் குறைந்துவிட்டது. அங்கே மண்வெட்டியை எடுத்தவர்கள் மக்கள். இங்கே அவர்கள் பெரும்பாலும் காத்திருக்கிறார்கள். மீட்பவர் வெளியிலிருந்து வருகிறார்.

மூன்றாவது, நாம் சேர்ந்து பார்த்த ‘பூமி’. லட்சுமண் இயக்கத்தில் ஜெயம் ரவி நடித்த இப்படம், கொரோனாக் காலமாகையால் திரையரங்குக்கு வராமல், 2021ஆம் ஆண்டு பொங்கலன்று டிஸ்னி நிறுவனத்தின் இணையத் திரைத் தளத்தில் நேரடியாக வெளியாயிற்று. அமெரிக்க விண்வெளி நிறுவனத்தில் பணிபுரியும் தமிழர் ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வருகிறார். உழவர்களின் துயர் கண்டு உழவராகவே தங்கிவிடுகிறார். அவருக்கு எதிரே நிற்பவர் பன்னாட்டு முதலாளி ஒருவர். அம்முதலாளிக்குப் பின்னே, உலகின் உணவு, மருந்து, பணம் அனைத்தையும் ஆட்டிப்படைக்கும் 13 குடும்பங்கள் இருப்பதாகப் படம் நமக்குச் சொல்கிறது.

உழவின் மேன்மையைப் பேசிய படத்தின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. விதை எவர் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் உணவும் இருக்கும் என்ற அதன் கவலை நியாயமானது. குறை எங்கே எனில், அந்தக் கவலைக்கு அது காட்டும் காரணத்தில். அத்திப்பட்டில் குற்றம் ஒரு கோப்பில் இருந்தது. தன்னூத்தில் ஒரு போலிப் பத்திரத்தில் இருந்தது. ‘பூமி’யிலோ கோப்பும் இல்லை, பத்திரமும் இல்லை, நிழல் மட்டுமே இருக்கிறது. விதைச் சட்டம் பற்றியோ, கொள்முதல் விலையை எவர் நிர்ணயிக்கிறார் என்பது பற்றியோ, வட்டாட்சியர் அலுவலகம் பற்றியோ பார்வையாளர் கற்றுக்கொள்ள ஏதுமில்லை. உலகைச் சுரண்டும் மாபெரும் நிறுவனங்களைச் சாடும் அப்படம், உலகின் மிகப் பெரிய கேளிக்கை நிறுவனங்களுள் ஒன்றின் வாயிலாகவே நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. அதில் மறைவு ஏதுமில்லை. வணிக ஒப்பந்தம் வெளிப்படையானது. நிழலைத் திட்டுவதால் எந்த நிறுவனத்துக்கும் இழப்பு நேர்வதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நிழல் வந்த வழி

இந்த 13 குடும்பங்கள் எங்கிருந்து வந்தன? ‘இலுமினாட்டி’ என்ற சொல் இன்று நம் தேநீர்க் கடைகளில்கூடப் புழங்குகிறது. அச்சொல்லுக்கு ஓர் உண்மை வரலாறு உண்டு. செருமனியின் பவேரியா நாட்டில், இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் கற்பித்த ஆடம் வைஸ்ஹாப்ட் என்பவர் 1776 மே முதல் நாள் தொடங்கிய ஒரு மறைமுகச் சங்கமே அது. அந்நாட்டு மன்னர் 1784, 1785ஆம் ஆண்டுகளில் பிறப்பித்த ஆணைகளால் அது ஒடுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள்கூட நிலைக்காத அச்சங்கத்துக்கு இறவா வாழ்வு தந்தவர்களுள் முதன்மையானவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பதை நாம் வெட்கத்தோடு நினைவுகூர வேண்டும். முன்னாள் இயேசு சபையினரான அகுஸ்தின் பரூயேல், பிரெஞ்சுப் புரட்சி முழுவதும் இத்தகைய மறைமுகச் சங்கங்களின் சதியே என்று 1797 முதல் பல தொகுதிகளாக எழுதினார். ரொட்டி விலையும் வரிச்சுமையும் அரசின் கடனும் மக்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன என்பதைக் காண்பதைவிட, சதி என்று சொல்வது அன்று பலருக்கும் எளிதாயிருந்தது.

நூறு ஆண்டுகளுக்குப் பின் இதைவிடப் பெரிய தலைகுனிவு நேர்ந்தது. லியோ டாக்சில் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் மனந்திரும்பியவராக 1885இல் நடித்து, ஃபிரீமேசன் சங்கத்தார் சாத்தானை வழிபடுவதாகப் புத்தகம் புத்தகமாக எழுதிக் குவித்தார். ஆயர்கள் பாராட்டினர். 1887இல் திருத்தந்தை 13ஆம் லியோவையே அவர் நேரில் சந்தித்தார். 1897 ஏப்ரல் 19ஆம் நாள் பாரிசில் கூட்டம் கூட்டி, தாம் எழுதியவை யாவும் கட்டுக்கதை என்று அவரே அறிவித்தார். ஏமாந்தவர்கள் நம்மவர்கள். ஏமாறியதற்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று. பகைவர் இவ்வளவு தீயவராகவே இருக்க வேண்டும் என்ற விருப்பம்.

ஏமாற்றத்தோடு நின்றிருந்தால் இதைச் சிரித்துக் கடந்துவிடலாம். ஆனால் இதே அச்சில் வார்க்கப்பட்ட ‘சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’ என்னும் போலி ஆவணம் 1903இல் இரசியாவில் அச்சேறியது. யூதர்கள் கூடி உலகை வளைக்கத் திட்டமிடுகிறார்கள் என்பது அதன் சாரம். அதன் பெரும்பகுதி, மூன்றாம் நெப்போலியனைச் சாடி மோரீஸ் ஜோலி 1864இல் எழுதிய ஒரு நையாண்டி நூலிலிருந்து திருடப்பட்டது. அந்நூலில் யூதர்களைப் பற்றிய பேச்சே இல்லை. இதை இலண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் 1921இல் வரிக்கு வரி ஒப்பிட்டு மெய்ப்பித்தது. ஆயினும் நாத்சிகள் அதைப் பள்ளிகளில் கற்பித்தார்கள். அதன் முடிவு எரிசூளைகள். ‘பூமி’யின் எதிர்நாயகருக்கு ரிச்சர்ட் சைல்டு என்று பெயர். ராத்ஸ்சைல்டு என்னும் யூத வங்கிக் குடும்பத்தின் பெயரை அது எதிரொலிக்கிறது. அக்குடும்பத்தைச் சுற்றிப் பின்னப்பட்ட பழங்கதையின் கறை அப்பெயரில் படிந்திருப்பதைப் படக்குழுவினர் அறிந்திருந்தார்களோ இல்லையோ, 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூத மக்கள்மீதான வெறுப்பைக் கண்டித்தபின், நாம் அறியாதவர்களாக இருக்க முடியாது.

மெய்யான சதிகள் இல்லையா?

“அப்படியானால் சதியே இல்லை என்கிறீர்களா?” என்று வாசகர் கேட்கலாம். இருக்கின்றன. 1928இல் ஸ்காட்லாந்தின் அக்னகாரி கோட்டையில் பறவை வேட்டைக்கென்று சொல்லிக் கூடிய எண்ணெய் முதலாளிகள், உலகச் சந்தையைத் தங்களுக்குள் பங்கிட்டுப் போட்டியைத் தவிர்க்க உடன்பட்டார்கள். ஷெல், ஆங்கிலோ பெர்சியன், நியூஜெர்சி ஸ்டாண்டர்டு ஆகியவை அந்நிறுவனங்கள். இவ்விவரங்களை அமெரிக்க அரசின் வணிக ஆணையம் திரட்டிய அறிக்கை 1952இல் வெளியாயிற்று. ஈரானில் எண்ணெய் வளத்தை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதெக் 1953இல் கவிழ்க்கப்பட்டதில் அமெரிக்க உளவு நிறுவனத்துக்கு இருந்த பங்கை, 2013இல் வெளியான அந்நிறுவனத்தின் ஆவணமே ஒப்புக்கொண்டது.

மெய்யான சதிக்கு ஓர் அடையாளம் இவற்றிலிருந்து கிடைக்கிறது. அதற்கு நாள் உண்டு, இடம் உண்டு, கூடியவர்களின் பெயர் உண்டு, ஒரு தாள் உண்டு. அதற்கு எல்லையும் உண்டு. கூடியவர்களே பின்னர் ஒருவரையொருவர் ஏமாற்றுவார்கள், அல்லது ஒரு போர் வந்து திட்டத்தைக் கலைக்கும். நிழற்கதைக்கு இவற்றுள் எதுவும் இல்லை. அதற்குச் சான்று கிடைத்தால் அது மெய். சான்று கிடைக்காவிட்டால் மறைத்துவிட்டார்கள், ஆகவே இன்னும் மெய்! பொய்யாக முடியாத ஒரு கூற்றைச் சோதித்தறியவும் முடியாது.

நம் மண்ணின் கணக்கு

வாசுதேவநல்லூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. நம் பக்கத்து நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் ஆண்ட காலத்தில், 1755இல், கர்னல் ஹெரானின் படை நெல்லைச் சீமைக்குள் கப்பம் தண்ட வந்தது. அந்தப் படையெடுப்புக்குப் பின்னே மாயம் ஏதுமில்லை. ஆர்க்காட்டு நவாபு கும்பினியாரிடம் கடன்பட்டிருந்தார். கடனை அடைக்க வரி வேண்டியிருந்தது. வரியைத் தண்டப் படை வேண்டியிருந்தது. 1767இல் கர்னல் டொனால்டு கேம்பெல் வந்து வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கிப் பிடித்ததும் அதே கணக்கின் தொடர்ச்சியே. நம் கோட்டையைத் தகர்த்தவர்கள் அதற்கான செலவையும் வரவையும் பேரேட்டில் எழுதிவைத்தார்கள். வல்லாதிக்கம் மறைந்து வருவதைவிடக் கணக்கு எழுதிக்கொண்டு வருவதே மிகுதி.

இன்றைய நிலையும் அதுவே. மேற்கு மலையில் கேரள எல்லைக்குள் இருக்கும் செண்பகவல்லித் தடுப்புச் சுவர் உடைந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. சிவகிரி, வாசுதேவநல்லூர் வட்டாரத்துக் குளங்களுக்கு வர வேண்டிய நீர் வராமற்போகிறது. எந்த உலகக் குடும்பமும் அச்சுவரைக் கட்ட வேண்டாமென்று தடுக்கவில்லை. இரண்டு மாநில அரசுகளுக்கு இடையே, அத்திப்பட்டில் கிடந்தது போன்ற ஒரு கோப்பு கிடக்கிறது.

கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பான ஆலைக்குத் தாமிரபரணி நீர் 1,000 லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்கு வழங்கப்பட்டது. ‘கத்தி’ பார்த்துக் கொதித்தவர்களுள் எத்தனை பேருக்கு அந்த விலை தெரியும்? அதை வெளிக்கொணர்ந்து வழக்குத் தொடுத்தபின், மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் 2016 நவம்பரில் நீர் வழங்க இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் அவ்வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. வென்றோம் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் எதிரே இருந்தது இன்னதென்று தெரிந்தது. விலை தெரிந்தது, கையெழுத்திட்ட துறை தெரிந்தது, அடுத்த கேள்வியை எவரிடம் கேட்க வேண்டுமென்றும் தெரிந்தது.

நம் கரும்புப் பெரியவர் சொன்னதும் சட்டம் சொல்வதையே. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு பெற்ற 14 நாள்களுக்குள் ஆலை பணம் தர வேண்டும்; தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேர்க்க வேண்டும். இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும் தமிழகத்தின் பல தனியார் ஆலைகளில் பாக்கி ஆண்டுக்கணக்கில் நின்றதே, ஏன்? இதுதான் கதையாக வேண்டிய கேள்வி. இதற்கு விடை தேடினால் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வரும், வங்கி வரும், கட்சி வரும், நாம் அளித்த வாக்கும் வரும். நிழற்கதையில் இவற்றுள் எதுவும் வருவதில்லை. அதனால்தான் அது நமக்கு இனிக்கிறது.

நம்மையே நிழலாக்கிய நாள்கள்

இதை நாம் அறிவுரையாகச் சொல்லவில்லை, பட்டவர்களாகச் சொல்கிறோம். 2011 மார்ச்சில் சப்பானின் ஃபுகுஷிமாவில் அணு உலை வெடித்ததை உலகமே தொலைக்காட்சியில் கண்டது. அவ்வாண்டே இடிந்தகரை மக்கள் லூர்து மாதா ஆலயத்தின் முன் பந்தலிட்டு, கூடங்குளம் அணு உலைக்கு எதிராக உண்ணாநோன்பு இருந்தார்கள். மீன்பிடி வருவாயில் ஒரு பங்கைப் போராட்டத்துக்குத் தந்தார்கள். அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையான ஒன்று, உலையின் பாதுகாப்பு ஆய்வு அறிக்கையையும் இட மதிப்பீட்டு அறிக்கையையும் பொதுமக்கள் காண வெளியிட வேண்டும் என்பது. அவற்றை வெளியிடுமாறு மத்தியத் தகவல் ஆணையமும் 2012 ஏப்ரலில் ஆணையிட்டது.

மக்கள் கேட்டது கோப்பு. கிடைத்த விடையோ நிழல். அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் 2012 பிப்ரவரியில் ‘சயன்ஸ்’ என்னும் ஆய்விதழுக்கு அளித்த பேட்டியில், இவ்வெதிர்ப்புக்குப் பின்னே வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகக் கூறினார். தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சார்ந்த அமைப்புகளின் வெளிநாட்டு நிதி உரிமையின்மீது நடவடிக்கை பாய்ந்தது. வலை பின்னும் பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர்மீது தேசத் துரோக வழக்குகள் பதிவாயின. உலை வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் நம்மிடையே இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் உலையை இயக்க இசைவளித்தது. போராடியவர்கள்மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப்பெற முயலவும் சொன்னது. ஆனால் எந்தப் பக்கம் நின்றவரும் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. ஒரு மீனவத் தாய், “என் பிள்ளைக்கு என்ன ஆகும்?” என்று கேட்டபோது, “உன்னைக் கேட்கச் சொன்னது யார்?” என்று திருப்பிக் கேட்டார்கள். மறைமுகக் கை என்ற கதை அவளுடைய கேள்வியையும் பறித்தது. அவளுக்கென்று சொந்த அறிவு இருக்கிறது என்பதையும் மறுத்தது.

அந்தக் காயத்தை அறிந்த நாம், வேறொரு மக்கள்மீது அதே கதையைச் சொல்லும்போது கைதட்டலாமா? வாட்சாப்பில் வரும் ‘உலகை ஆளும் குடும்பங்கள்’ பட்டியலை மறைக்கல்வி மாணவர்களுக்கு அனுப்பி வைக்கலாமா? ஆளுக்கேற்ப முகம் மாற்றிக்கொள்வது அக்கதையின் இயல்பு. ஓரிடத்தில் யூதர், வேறோரிடத்தில் இயேசு சபையினர், நம்மூரில் மிசனரிமார். இன்று நாம் பகிரும் பட்டியலில் நாளை நம் பெயரும் சேரலாம்.

‘பூமி’யை மதிப்பிட வேண்டுமெனில் இவ்வாறு சொல்வோம். உழவரை நேசிக்கும் ஒரு படம், அவர் கையிலிருந்த மனுவைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பூச்சாண்டியைத் தந்துவிட்டது. ‘கத்தி’ அந்த மனுவை நாயகரிடம் ஒப்படைத்தது. நாற்பது ஆண்டுகளைக் கடந்த ‘தண்ணீர் தண்ணீர்’ மட்டுமே அதை எழுதிய கைகளிலேயே விட்டுவைத்தது. தோற்ற கதைதான் அது. ஆயினும் அதைப் பார்த்து முடித்த பார்வையாளருக்கு, எந்த அலுவலகத்தின் படியேற வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும். அடுத்த அன்பியக் கூட்டத்தில் அப்படத்தைப் பார்ப்பதென முடிவு செய்திருக்கிறோம்.

கேள்வி கேட்ட அந்தத் தம்பி சென்ற வாரம் வந்திருந்தார். செண்பகவல்லிச் சுவரைச் செப்பனிடுவதற்கான கடிதங்கள் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பொதுப்பணித் துறைக்கு எழுதிய மனுவின் வரைவு அவர் கையில் இருந்தது. நீர்வளத் துறை இப்போது தனித்துறை, முகவரியை மாற்ற வேண்டும் என்று பெரியவர் திருத்தினார். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, இருவருமாக அஞ்சலகத்துக்குப் போனார்கள்.